எல்லா முதுகுவலியும் நின்றதால் வருவதல்ல
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாள் முழுவதும் நின்று பாடம் நடத்துகிறோம். முதுகு வலித்தால் தைலம், பெல்ட், ஒரு மாத்திரை என்று சமாளிக்கிறோம். பெரும்பாலும் அது தசைவலிதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தைலத்துக்கு அடங்காத முதுகுவலியும் ஒன்று உண்டு.

பத்தாம் வகுப்பில் இரத்த ஓட்டம் நடத்தும்போது பெருந்தமனியை வரைந்து காட்டுகிறோம். அது முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கி, தொப்புள் அளவில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. சிலருக்குச் சுவர் வலுவிழந்து, பழைய சைக்கிள் ட்யூப் புடைப்பதுபோல ஓரிடத்தில் புடைக்கும். 3 செ.மீ. ஆகிவிட்டால் அதைப் பெருந்தமனி வீக்கம் என்கிறார்கள். பல ஆண்டுகள் அறிகுறியே இருக்காது. சிலருக்கு மட்டும் அடிமுதுகிலோ வயிற்றிலோ ஆழமான வலி இருக்கும். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அந்த வலி மாறாது. வெடித்துவிட்டால், பலர் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் இறந்துவிடுகிறார்கள்.

நாம் பாடத்தில் சொல்லும் ஐன்ஸ்டைன் இறந்ததும் இதனால்தான். 1948-இல் வயிற்றுவலிக்காக அவருக்கு அறுவை செய்த டாக்டர் ருடால்ஃப் நிசன், பெருந்தமனி வீங்கியிருப்பதைக் கண்டு அதைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். அதன்பின் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் ஐன்ஸ்டைன். 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தது. மீண்டும் அறுவை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்; 18-ஆம் தேதி, 76 வயதில் பிரின்ஸ்டனில் காலமானார்.

இன்று சாதாரண அல்ட்ராசவுண்டு ஸ்கேனிலேயே இது தெரிந்துவிடும். சிறிய வீக்கத்தை அவ்வப்போது அளந்து கண்காணிப்பார்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ. அளவுக்கு வந்தால் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள்.

65 வயது தாண்டிய ஆண்கள், புகைபிடிப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த வீக்கம் இருந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நம் வீட்டிலும், ஓய்வுபெற்ற நம் ஆசிரியர்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதுகுவலி என்று சொன்னால், "வயிற்றை ஒருமுறை ஸ்கேன் பார்க்கலாமா?" என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். திடீரென்று கடுமையான வலியோடு வியர்வை, மயக்கமும் வந்தால் உருவிவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்தமுறை கரும்பலகையில் பெருந்தமனியை வரையும்போது, புகையிலை அதன் சுவரைக் கெடுக்கும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். பீடி பிடிக்கும் தாத்தாவிடம் பிள்ளைகள் அதைப் போய்ச் சொல்வார்கள்.