சிள்வண்டு கழற்றிய சட்டை

சீன நாட்டின் வடபகுதியில், கோடைக்கால விடியற்பொழுதில் மரங்களின் அடிப்பகுதியை உற்று நோக்கினால், பழுப்பு நிறப் பூச்சிகள் பட்டையைப் பற்றிக்கொண்டு அசைவின்றி அமர்ந்திருப்பது போலத் தோன்றும். கையில் எடுத்தால் உலர்ந்த சருகினும் இலேசாக இருக்கும். கண்ணும் காலும் உண்டு. உயிர் மட்டும் இல்லை. முதுகில் நீளவாக்கில் ஒரு பிளவு தெரியும். அப்பிளவின் வழியே வெளியேறிய சிள்வண்டு உயரக் கிளையில் அமர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கும். கீழே எஞ்சியிருப்பது அது கழற்றிய சட்டை. 'சான் துய்' என்னும் பெயரால் சீன மருத்துவர் வழங்கும் மருந்து இதுவே.

சிள்வண்டு தன் இளம்பருவத்தை மண்ணுக்குள் கழிக்கிறது. வேர்களின் சாற்றை உறிஞ்சிப் பல ஆண்டுகள் வளர்ந்தபின், கோடை இரவொன்றில் மண்ணைத் துளைத்து வெளிவந்து மரத்தில் ஏறுகிறது. அங்கே, பாம்பு சட்டை உரிப்பது போலத் தன் தோலை உரித்துவிட்டு, சிறகு உலர்ந்ததும் பறந்து போகிறது. அச்சட்டைகளைக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் திரட்டி, மண் நீக்கி, வெயிலில் உலர்த்துவர். சீன அரசின் அதிகாரமுறை மருந்து நூல் இதற்கு 3 முதல் 6 கிராம் வரை அளவு வகுக்கிறது. தொண்டை வலி, குரல் கம்மல், தோல் அரிப்பு, கண் சிவப்பு ஆகியவற்றுக்கு இதனை அந்நாட்டு மருத்துவர் கொடுப்பர். 1617ஆம் ஆண்டில் வெளிவந்த புறநோய் மருத்துவ நூலொன்றில், சென் ஷிகொங் என்பார் அரிப்பு நோய்க்குக் கூறிய கூட்டு மருந்தில், எள், அதிமதுரம் முதலியவற்றோடு இச்சட்டையும் இடம்பெறுகிறது.

ஆயினும், அம்மருத்துவம் தொடக்கத்திலேயே சட்டையைத் தேடிச் செல்லவில்லை. சீனரின் மிகப் பழைய மருந்து நூல் சிள்வண்டின் உடலையே மருந்தாகக் குறிக்கிறது. 1578ஆம் ஆண்டில் தம் பெருநூலை எழுதி முடித்த லீ ஷிசென், முன்னோர் உடலைப் பயன்படுத்தினர் என்றும் பின்வந்தோர் சட்டையைப் பயன்படுத்தினர் என்றும் பதிவு செய்கிறார். இம்மாற்றத்தை அவர் அருளின் செயலாகக் காட்டவில்லை. தோல் நோய்க்குச் சட்டையும் உள்ளுறுப்பு நோய்க்கு உடலும் ஏற்றவை என்பதே அவர் கருத்து.

அருளைக் காரணமாகக் காட்டிய மருத்துவர் ஒருவர் அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் சுன் சிமியாவ். ஏறத்தாழ கி.பி. 652இல் அவர் எழுதிய நூலின் பெயரில் 'ஆயிரம் பொன்' என்னும் தொடர் அமைந்துள்ளது. மனித உயிர் ஆயிரம் பொன்னினும் மேலானது என்பது அதன் பொருள். அத்துணை உயர்வாக மனித உயிரை மதித்தவர், உயிருள்ளவற்றைக் கொன்று மருந்தாக்க மறுத்தார். தன் உயிரைப் பேணும் விருப்பத்தில் மனிதனும் விலங்கும் ஒன்றே என்றும், கொலையால் உயிர் காக்க முயல்வது உயிரை விட்டு விலகிச் செல்வதே என்றும் அவர் கருதினார். முட்டையைக்கூட மிக இன்றியமையாத போதே பயன்படுத்தினார். அதையும் தவிர்க்க வல்லவர் தம்மினும் மேலான சான்றோர் என்று எழுதினார்.

அத்தகையவரும் ஒரு விலக்கு வைத்தார். குருதி உறிஞ்சும் ஈயும் அட்டையும் சந்தையில் முன்பே இறந்த நிலையில் கிடைத்தால், அவற்றை வாங்கிப் பயன்படுத்தலாம் என்றார். இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. சந்தைக்கு அவை இறந்து வருவதே வாங்குவோர் இருப்பதனால் அன்றோ? உண்பதற்காக வாங்குவோர் இல்லையேல் விற்பதற்காகக் கொல்வோரும் இல்லை என்று, திருக்குறள் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இதே முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருக்கிறது.

தானாக இறந்தது என்னும் சொல் காலப்போக்கில் எவ்வாறு பொருள் மாறும் என்பதற்குச் சீன மருத்துவத்திலேயே மற்றொரு சான்று உண்டு. 'ஜியாங்சான்' என்பது பூஞ்சை நோயால் இறந்து வெண்மையாக விறைத்துப்போன பட்டுப்புழு. அந்நோய் ஒரு பூஞ்சையால் பரவுவது என்பதை இத்தாலியரான அகோஸ்தினோ பாஸி 1835ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். பட்டு வளர்ப்போருக்கு இழப்பாக நேர்ந்த அந்நோய், இன்று மருந்துக்காகவே புழுக்களுக்குச் செயற்கையாக ஊட்டப்படுகிறது. இறந்தவற்றைப் பயன்படுத்தியது போய், பயன்படுத்துவதற்காக இறக்கச் செய்யும் நிலை வந்துவிட்டது.

சிள்வண்டின் சட்டை இவ்விரண்டினின்றும் வேறானது. மயிலிறகைப் போல, உயிர் தனக்கு வேண்டாமென்று விட்டுச்சென்ற பொருள் அது. பூச்சி உயிரோடு வெளியேறினால்தான் வெறுஞ்சட்டை கிடைக்கும். இடையில் அதனைக் கொன்றுவிட்டால் அம்மருந்தே இல்லை.

அந்த இடையீடும் இன்று நிகழ்கிறது. ஷான்டொங் முதலிய மாநிலங்களில் சட்டை உரிக்காத இளம்பூச்சிகளைப் பொரித்து உண்பர். கோடை இரவுகளில் மக்கள் கைவிளக்கோடு மரங்களிடையே தேடிச் செல்வர். பூச்சிகள் மேலே ஏற இயலாதவாறு அடிமரத்தில் வழுக்கும் ஒட்டுநாடாவைச் சுற்றி வைப்போரும் உண்டு. ஏற முடியாமல் அடியிலேயே தவிப்பவை எளிதிற் கையில் அகப்படும். அவ்வாறு இரவில் பிடிபட்ட பூச்சிக்கு விடியலில் சட்டை இராது.

கொல்லாமையைப் பேணும் இல்லங்களில், ஒரு மருந்து கைக்கு வரும்போது அது எந்த உயிரினின்று வந்தது என்று கேட்பது வழக்கம். அதனோடு மற்றொரு வினாவும் கேட்கத் தக்கது: இதனை எடுத்தபின் அவ்வுயிர் என்னாயிற்று? பட்டுப்புழுவைப் பற்றிக் கேட்டால், அதற்கு விடை அப்பொட்டலத்துக்குள்ளேயே கிடக்கிறது. சிள்வண்டைப் பற்றிக் கேட்டால், மரத்தின் உச்சியிலிருந்து அதுவே குரல் கொடுக்கும்.