பழைய தையல் மெசினுக்கு நூல் கோர்க்கப் பழகுவோம்

(தோட்டத்துத் தையல் வகுப்பின் தொடக்க நாளில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

நாங்கள் லயங்களுக்கு வரும்போது பல காம்பராக்களில் ஒரு பழைய கால் மெசினைப் பார்க்கிறோம். மேலே ஒரு துணியை விரித்து, அதன்மேல் ரேடியோவோ சாமிப்படமோ வைத்திருப்பார்கள். "ஏன் தைக்கிறதில்லை?" என்று கேட்டால், "அது பாட்டியோட மெசினுங்க, பழுதாப் போச்சு" என்பார்கள். சில்லைச் சுற்றிப் பார்த்தால் நன்றாகச் சுற்றுது. மெசினில் பழுதில்லை. நூல் கோர்க்கத் தெரிந்த பாட்டி போய்விட்டார், அவ்வளவுதான். கடைசியில் அந்த மெசின் பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் நிறைக்குப் போகிறது. வீட்டுக்காரர்களோ பிள்ளையின் சீருடைக்கும் கிழிந்த சட்டைக்கும் தையற்கூலி கொடுக்க டவுனுக்குப் போகிறார்கள்.

இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்துச் சனங்களிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. சிங்கர் கம்பனி 1877இல் கொழும்பு புறக்கோட்டையில் இலங்கையின் முதல் கடையைத் திறந்தது. அதற்குப் பிறகு நாடெங்கும் பரவிய கை மெசினும் கால் மெசினும் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் பாட்டி, தாய், மகள் என்று கைமாறி வந்தன. 1990இல் போர் மறுபடியும் மூண்டபோது, நம் மலைநாட்டு லக்சபானாவிலிருந்து வடக்கே போன மின்சாரம் குடாநாட்டுக்கு நின்றுபோனது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் சின்னத் திரி வைத்து விளக்கேற்றினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அந்தக் காலத்தில் மின்சாரம் கேட்காமல் ஓடியது கால் மெசின்தான். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனங்கள் லட்சக்கணக்கில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். கையில் எடுத்தது கொஞ்சம், விட்டுப்போனது அதிகம். ஆனால் கைத்தொழிலை விட்டுப்போக வேண்டியிருக்கவில்லை. அது விரலில் இருந்தது.

நாங்கள் யாழ்ப்பாணம் போயிருந்த சமயம், சாவகச்சேரிப் பக்கம் தையல் வேலை செய்யும் ஒரு வயதான அம்மாவோடு பேசினோம். அந்த நாளில் விளக்கு வெளிச்சத்தில் எப்படி நூல் கோர்த்தீர்கள் என்று கேட்டோம். "கண்ணாலை பாத்துக் கோக்கேல்லை பிள்ளை, விரலாலை பாத்துத்தான் கோத்தனாங்கள்" என்றார். பேத்திக்கும் அவர் அப்படித்தான் பழக்குகிறார். "இதில போடு, அதில போடு" என்று மட்டும் சொல்வதில்லை. நூல் ஏன் அந்த வழியால் போகிறது என்று சொல்லித் தருகிறார். காரணம் தெரிந்தவளுக்கு எந்த மெசினைக் கொடுத்தாலும் பயமில்லை.

அந்த வழியை இப்போது பார்ப்போம். சிங்கரோ, இந்தியாவின் உஷாவோ, ஒழுங்கு ஒன்றுதான்.

முதலில் சில்லை உங்கள் பக்கமாகச் சுற்றி, மேலும் கீழும் ஏறி இறங்குகிற அந்தச் சின்னக் கையை ஆக உயரத்தில் நிறுத்துங்கள். துணியை அமுக்கும் பாதத்தையும் தூக்கி விடுங்கள். அநேக மெசின்களில் பாதம் உயர்ந்தால்தான் நூலைப் பிடிக்கிற தட்டுகள் இளகும்.

நூல்கண்டிலிருந்து வரும் நூல், மேலேயுள்ள கொக்கியைத் தாண்டி முதலில் இரண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவே போகவேண்டும். நூலை அளவாக இறுக்கிப் பிடிப்பது இந்தத் தட்டுகள். அங்கேயுள்ள சின்ன ஸ்பிரிங்கிலும் நூல் மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் ஏறி இறங்கும் கையின் துளை. ஒவ்வொரு தையல் விழுந்ததும் மிச்ச நூலை மேலே இழுப்பது அந்தக் கை. அதிலிருந்து கீழேயுள்ள கொக்கிகளில் மாட்டி ஊசிக்கு வரவேண்டும். தட்டு முதலில், கை பிறகு, ஊசி கடைசியில். இதை மனப்பாடம் செய்யுங்கள்.

ஊசியில் எந்தப் பக்கத்தால் கோர்ப்பது? இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஊசியை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் ஓடும். மறுபக்கத்தில் மேல்பாகம் தட்டையாக இருக்கும். நூல் பள்ளமுள்ள பக்கத்தால் நுழைந்து தட்டைப் பக்கத்தால் வெளியே வரவேண்டும். ஊசிக்கு மேலேயுள்ள கடைசிக் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறதோ, பள்ளமும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். ஊசியைத் திருப்பிப் பூட்டினால் தையல் விழாது, அல்லது விட்டுவிட்டு விழும்.

அடுத்தது பொபின். அது கேஸுக்குள் உட்கார்ந்து, நூல் கேஸின் வெட்டு வழியாக வந்து ஸ்பிரிங்குக்குக் கீழே போகவேண்டும். இழுத்தால் சற்றுப் பிடித்துப் பிடித்து வரவேண்டும். மிகப் பழைய மெசின்களில் வட்டப் பொபினுக்குப் பதிலாகப் படகு மாதிரி ஒரு நாடா இருக்கும். பயப்படாதீர்கள், வேலை ஒன்றுதான். மேல்நூலின் நுனியை இடக்கையில் பிடித்துக்கொண்டு சில்லை ஒரு சுற்றுச் சுற்றினால் கீழ்நூல் மேலே வரும். இரண்டையும் பாதத்துக்குக் கீழால் பின்பக்கம் தள்ளிவிட்டு மிதியுங்கள்.

துணிக்கு அடிப்பக்கம் நூல் குவிந்தால் பொபினைக் குறை சொல்லாதீர்கள். அநேகமாக மேல்நூல் தட்டுக்குள் உட்காரவில்லை. முழுதும் கழற்றி ஆரம்பத்திலிருந்து கோருங்கள். இன்னொன்று: தேங்காய் எண்ணெய் விடவே வேண்டாம். அது நாளாவட்டத்தில் பிசினாகி மெசினை இறுக்கிவிடும். மெசின் எண்ணெயில் இரண்டு சொட்டுப் போதும்.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. மெசினை இரும்புக்குக் கொடுக்க நினைத்திருப்பவர்கள், இந்த வகுப்பு முடியும்வரை பொறுங்கள். அடுத்தது, ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவரோடு அது போய்விடும். வீட்டுக்கு இரண்டு பேராவது பழகுங்கள், அதில் ஒருவர் சின்னவராக இருக்கட்டும். ஆம்பிளைப் பிள்ளைகளும் வரலாம். அடுத்த வகுப்புக்கு உங்கள் மெசினின் ஊசியையும் பொபினையும் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள்.