விழப்போகிற பல்தானே என்று விடலாமா?

(திருகோணமலையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம் பேசுவார்கள், இன்றைக்கு ஏன் பல்லைப் பற்றிப் பேச்சு என்று வாசலில் சிலர் கேட்டீர்கள். பல்லும் சம்பளத்தோடு சேர்ந்த விஷயம்தான். பிள்ளைக்கு ராத்திரி பல்வலி வந்தால் விடியும்வரை வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் தோட்டத்தில் ஒரு பேர் போய்விடும். இங்கே துறைமுகப் பக்கமும் சீனக்குடாப் பக்கமும் நாட்கூலிக்குப் போகிறவர்களுக்கும் அதே கதிதான். பிள்ளைக்கு அன்றைய பாடம் போய்விடும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாத பிள்ளை கரும்பலகையைப் பார்க்காது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வகுப்பில் ஆசிரியர்களாகிய நாங்கள் பார்ப்பது இதைத்தான்.

இது எங்கள் சனத்துக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 2015–16இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் 5 வயதுப் பிள்ளைகள் 100 பேரில் ஏறத்தாழ 63 பேருக்குப் பற்சூத்தை இருந்தது. அதற்கு முந்திய 2002–03 ஆய்விலும் கணக்கு பெரிதாக வேறுபடவில்லை. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நோய் இருந்தால், அதைத் தாயின் கவலையீனம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. எங்கள் வேலை நேரத்திலும் சாப்பாட்டு முறையிலும் அதற்குக் காரணம் இருக்கிறது.

சூத்தை எப்படி வருகிறது? பல்லில் பூச்சி இல்லை. வாயிலே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. நாம் சீனி கொடுத்தால் அவை அதைத் தின்று அமிலம் விடும். அந்த அமிலம் பல்லைக் கரைக்கும். பிறகு எச்சில் மெல்ல மெல்ல அதைச் சரிசெய்யும். அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். ஆகவே எவ்வளவு சீனி என்பதைப் போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம்.

இப்போது ஒரு பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். அம்மா கொழுந்துக்குப் போக, பிள்ளை பிள்ளைக்காம்பராவில். இங்கே என்றால் அம்மாயியோடு வீட்டில். காலையில் சீனி போட்ட பிளேன்டீ. பத்து மணிக்கு பிஸ்கட். அழுதால் ஒரு ரொபி. பின்னேரம் மறுபடி தேத்தண்ணி. இரவு பால்மாவில் சீனி கலந்து போத்தலில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூக்கம். தூங்கும்போது எச்சில் குறைவு; அந்த இனிப்பு மேல் முன்பற்களிலேயே தேங்கி நிற்கும். அதனால்தான் இரண்டு வயதிலேயே முன்பல் கறுத்து முறிகிறது.

"விழப்போகிற பல்தானே, புதுப்பல் முளைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பால்பற்கள் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கினாலும், மெல்லுகிற கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை. சோறு மெல்ல அவைதான் வேண்டும். கீழே வளர்கிற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு வயதளவில், பால்பல் வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். அது போனால் வேறு பல் முளைக்காது.

1970களின் பஞ்சத்திலும், 1977, 1983 வன்செயல்களிலும் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்திலும் குடியேறின. மலையக ஊற்றுத் தண்ணீரில் புளோரைட்டு குறைவு. உலர் வலயத்தின் பல இடங்களில் கிணற்று நீரில் அது கூடுதல். அதுவும் கிணற்றுக்குக் கிணறு மாறும். அளவான புளோரைட்டு பல்லுக்குப் பலம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேலே போனால், வளர்கிற பல்லில் வெள்ளைக் கோடும் மண்ணிறக் கறையும் விழும். அந்தக் கறை சூத்தை இல்லை. அதைப் போக்க உமிக்கரியாலும் செங்கல் தூளாலும் தேய்த்தால் பல்தான் தேயும். உங்கள் பிள்ளைகள் பலருக்கு அப்படிக் கறை இருந்தால், கிணற்று நீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதல் பல் முளைத்த நாளிலிருந்து துலக்க வேண்டும்; காலையில் ஒரு தடவை, இரவு படுக்குமுன் ஒரு தடவை. புளோரைட்டு உள்ள பற்பசை, மூன்று வயதுவரை ஓர் அரிசியளவு, அதன் பிறகு ஒரு பட்டாணியளவு. கிணற்றில் புளோரைட்டு கூடுதல் என்று தெரிந்தால் எந்தப் பற்பசை என்று பல் வைத்தியரிடம் கேளுங்கள். ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும். இரவில் துலக்கிய பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் கொடுக்காதீர்கள். போத்தலில் இனிப்பு வேண்டவே வேண்டாம். வாரம் ஒரு தடவை உதட்டை உயர்த்தி, ஈறை ஒட்டி வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் சூத்தையின் தொடக்கம். அந்த நிலையில் வலி இருக்காது. துளை விழாமல் தடுத்துக்கொள்ளலாம். தடுப்பூசிக்குப் போகும்போது பிள்ளையின் வாயையும் பார்க்கச் சொல்லி குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் இலவசம். அதைவிட, பிள்ளைகளுக்கென்றே ஒரு சேவை இந்த நாட்டில் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தனியாகத் தாதியரைப் பயிற்றும் முறையை நியூசிலாந்து 1921இல் தொடங்கியது. அதே வழியில் இலங்கையும் 1950களில் மகரகமையில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்று இன்று அவர்களைச் சொல்கிறோம். 3 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. பெரிய பாடசாலைகளில் இருக்கிற அந்தச் சிகிச்சை நிலையம் லயத்துப் பிள்ளைக்கும் குடியேற்றத்துப் பிள்ளைக்கும் எட்டுகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

ஆகவே தோழர்களே, மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று, பிள்ளைக்காம்பராவிலும் முன்பள்ளியிலும் சீனி இல்லாத பானமும், சாப்பாட்டுக்குப் பின் பல் துலக்க ஒரு தண்ணீர்க் குழாயும் வேண்டும். இரண்டு, பற்சிகிச்சையாளர் தவணைக்கு ஒரு தடவையாவது சிறு பாடசாலைகளுக்கும் வர வேண்டும். வரும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். மூன்று, பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோகிற நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ பேர் வெட்டக் கூடாது.

முதல் இரண்டையும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் கல்விப் பணிமனையிடமும் மனுவாகக் கொடுப்போம். மூன்றாவதைச் சங்கம் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டு போகும். மனுவில் கையொப்பம் இடும்போது உங்கள் பிள்ளையின் வயதையும் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று அதிகாரிகளுக்கு எண்ணிக் காட்ட வேண்டும்.