காணியின் விலையும் நம்பிக்கையும்

(இளைஞர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிரிவினையைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசப்பட்டிருக்கிறது. அந்தப் பிணக்கு நீடித்த காலத்தில் கமக்காரனின் காணிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றிப் பேசியவர் சிலரே. பொருளாதாரம் பயிலும் மாணவன் என்ற முறையில் அதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் காணியைப் பேர்ச் கணக்கில் பேசுகிறோம். யாழ்ப்பாணத்தில் தோட்டக் காணியைப் பரப்புக் கணக்கில் பேசுகிறார்கள். 160 பேர்ச் ஓர் ஏக்கர்; 16 பரப்பும் ஓர் ஏக்கரே. ஆகவே பத்துப் பேர்ச் ஒரு பரப்பாகும். வெள்ளவத்தைப் பத்துப் பேர்ச்சில் வெங்காயமும் விளையாது, மிளகாயும் விளையாது. வலிகாமத்துச் செம்மண் பரப்பில் இரண்டும் விளையும். ஆனால் விலையோ நகரத்துப் பத்துப் பேர்ச்சுக்கே மிக அதிகம்.

நகரத்துக் காணிக்கு எங்கும் விலை அதிகம்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். மண்ணின் வளத்துக்கு ஏற்ப நிலத்தின் வாரம் கூடுமென்று 1817இல் ரிக்காடோ என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். சந்தை அருகில் இருப்பதும் ஒரு காரணமென்று பின்வந்தோர் சேர்த்தனர். ஆயினும் நம் நாட்டில் நடந்ததை இவ்விரண்டு காரணங்களும் முழுவதும் விளக்கமாட்டா. மூன்றாவது ஒன்று உண்டு. இந்த நிலத்தை நாளையும் உழலாம், விளைவை விற்கலாம், நம் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையே அது.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தெற்கிலே நல்ல விலை கிடைத்தது. கிணற்றை ஆழமாக்கினான் கமக்காரன்; நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கினான். தோட்டக் காணி செல்வமாக இருந்தது. 1977இல் இறக்குமதி திறக்கப்பட்டதும் அந்த வருவாய் சுருங்கியது. எனினும் உழுவதற்கு நிலம் கையில் இருந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 1976 மே 14ஆம் திகதி, வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரியது. அக்கோரிக்கை ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும், கல்லோயா முதலிய குடியேற்றத் திட்டங்களால் எழுந்த மனக்கசப்பும் அதற்கு முன்னோடிகள். காணி இப்பிணக்கின் காரணங்களுள் ஒன்றாய் இருந்தது. பின்னர் அதன் பலியாகவும் ஆயிற்று.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் போர் மூண்டது. 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்த மண் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்களுடைய வயலும் தோட்டமும் அவர்கள் கையை விட்டுப் போயின. நம்மவர் இழந்த நிலத்துக்கு அழுகின்ற நாம், அவர்கள் இழந்ததை மறப்பது அறமாகாது.

உறுதி பெட்டியில் இருந்தது; காணிக்குள் கால் வைக்க முடியவில்லை. வாங்க ஆளில்லாத காணியை எந்த வங்கி ஈடு பிடிக்கும்? 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, உழ முடிந்தவனுக்கும் தெற்குச் சந்தை எட்டாமற் போயிற்று. வளம் குறையாத மண்ணுக்கு விலை இல்லாமற் போனது இவ்வாறுதான். அங்கிருந்து வந்தவர்கள் இங்கே அறை தேடினார்கள், வீடு தேடினார்கள். ஊரில் இழந்த நம்பிக்கையை வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் விலை கொடுத்து வாங்கினார்கள்.

போரில்லாமல் பிரிந்தால் காணி தப்பிவிடுமா? ஆந்திரத்தைப் பார்ப்போம். 2014 யூன் 2இல் தெலுங்கானா சட்டப்படி தனி மாநிலமாயிற்று. ஐதராபாத் அதன் பங்கில் சேர்ந்தது. எஞ்சிய ஆந்திரம் கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியைத் தலைநகராக்க எண்ணி, 29 கிராமங்களில் சுமார் 33,000 ஏக்கர் நிலத்தை விவசாயிகளிடமிருந்து ஒன்றுதிரட்டியது. விலை ஏறியது. 2019 டிசம்பரில் மூன்று தலைநகர்த் திட்டம் வந்தது, விலை சரிந்தது, விவசாயிகள் தெருவில் அமர்ந்தார்கள். 2024இல் ஆட்சி மாறவே, மீண்டும் அமராவதிக்கு உயிர் வந்தது. நதியும் மண்ணும் அப்படியே இருந்தன. அரசின் வாக்கு மாறுந்தோறும் விலை மாறிற்று.

நம் நாட்டில் 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரியவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன, எல்லாமும் திரும்பிவிடவில்லை. மறுபுறத்தில் வெளிநாட்டுப் பணம் ஊருக்கு வந்து காணி விலையை ஏற்றியிருக்கிறது. இது நன்மையென்று பலர் மகிழ்கிறார்கள். நான் ஐயுறுகிறேன். வெங்காயம் விற்ற பணத்தில் ஒரு கமக்காரன் அடுத்த காணியை வாங்க முடியாதென்றால், அந்த விலை உழவின் பயனாக வந்த விலையன்று. முன்பு அச்சம் விலையை வீழ்த்தியது. இன்று மதில் கட்டி மூடிவைக்கும் ஆசை அதை உயர்த்துகிறது. இரண்டிலும் உழுபவன் வெளியே நிற்கிறான்.

நான் மிஷன் பள்ளியில் பயின்றவன். அங்கே நாபோத்தின் கதை சொல்லித் தந்தார்கள். அவனுடைய திராட்சைத் தோட்டத்துக்கு ஆகாப் என்னும் அரசன் நல்ல விலை தருவதாகச் சொல்லியும், முன்னோரின் சொத்தென்று அவன் கொடுக்க மறுத்தான். நம் தேசவழமையும் முதிசக் காணியை விற்குமுன் பங்காளிக்கு அறிவிக்கச் சொல்கிறது. உழவு அதிகாரத்திலே வள்ளுவர், உடையவன் வந்து பாராத நிலம் அவனோடு பிணங்கும் என்று கருதினார். மூன்றும் ஒரே உண்மையைத்தான் உணர்த்துகின்றன: காணிக்கு விலையும் உண்டு, மதிப்பும் உண்டு; இரண்டும் ஒன்றல்ல.

இச்சபையில் ஊரில் காணி உள்ள குடும்பங்கள் பல உண்டு. இளைஞர்களே, இவ்வாண்டு விடுமுறையில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, பழைய உறுதிகளைத் தேடியெடுத்துக் காணிப் பதிவகத்தில் பதிவைச் சரிபாருங்கள். இரண்டாவது, தரிசாய்க் கிடக்கும் காணியை நொத்தாரிசு முன் எழுத்தில் ஒப்பந்தம் செய்து, உழ விரும்பும் அயலவருக்குக் குத்தகைக்குக் கொடுங்கள். உரிமையும் காக்கப்படும், மண்ணும் விளையும். மூன்றாவது, விற்றே தீரவேண்டுமாயின் முதலில் உழுபவனிடம் கேளுங்கள். சற்றுக் குறைந்த விலையாயினும் அது நட்டமாகாது.

எல்லைக் கோடு எங்கே ஓடவேண்டும் என்பதை இன்றிரவு நாம் தீர்க்கப்போவதில்லை. நம் பாட்டன் இறைத்த கிணற்றைச் சுற்றிப் பற்றை வளர்வதா, பயிர் வளர்வதா என்பதை நாம் தீர்க்கலாம்.