தோள் மூட்டு

முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின்முன் கையுயர்த்தி நின்றவன் நான். ஆகவே தோளின் அருமையைச் சிறிது அறிவேன்.

நம் மூட்டுகளுள் மிகுதியாகச் சுழல்வது தோளே. சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம்போல், தோட்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பொருந்தியுள்ளது. நான்கு தசைகளின் நாண்களும், மூட்டைப் போர்த்திய உறையும் அதனைக் காக்கின்றன. பெரிய மூட்டுகளுள் எளிதில் நழுவுவதும் இதுவே.

40 முதல் 60 வயதினர்க்கு, சிறப்பாக நீரிழிவு உடையோர்க்கு, அவ்வுறை தடித்துச் சுருங்குவதுண்டு. 1934ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் இதனை ‘உறைந்த தோள்’ என்றார். தலைவாரவும் சட்டை அணியவும் இயலாது. இரவில் நோவு மிகும்.

மருத்துவர் இரு தோள்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், தொட்டறிவார், பின்னர் அசைக்கச் சொல்வார். நோயாளி தாமே உயர்த்த இயலாத கையை மருத்துவர் உயர்த்த முடிந்தால், தசைநாண் கிழிந்திருக்கலாம். அவராலும் இயலாதாயின், உறை இறுகியிருக்கலாம்.

என் ஆசிரிய நண்பர் ஒருவர் நோவுக்கு அஞ்சிக் கையை அசைக்காமலே வைத்திருந்தார். நாளடைவில் கரும்பலகையின் மேல்வரி அவருக்கு எட்டாமற் போயிற்று. ஆகவே கையை முடக்காதீர்கள். முரடாக இழுத்து நீவவும் இடங்கொடாதீர்கள். மருத்துவர் காட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். தோள்நோவுடன் மார்பு இறுக்கமும் வியர்வையும் தோன்றினால், அது இதயக் கோளாறாக இருக்கலாம். தைலம் தடவிக் காலம் போக்காமல், அப்பொழுதே மருத்துவமனைக்கு விரையுங்கள்.