பழைய அச்சு நூல்களும் பட்டியற் பணியும்



ஏடு தேடி அலைந்தோர் வரலாற்றைத் தமிழுலகம் நன்கறியும். அச்சேறிய நூலும் காணாமற் போகும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட, பதினாறு பக்கங்களே கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள ஒரு படியால்தான் இன்று அறியப்படுகிறது. படிகள் இவ்வாறு அருகிய நூல்களுக்கு நூலகப் பட்டியலில் எழுதப்படும் நான்கு வரிகளே அடையாளம்.

அந்நான்கு வரிகளை எழுதுதல் எளிதன்று. முகப்புப் பக்கத்தில் ஆங்கிரச ஆண்டு என்று மட்டும் காண்பதாகக் கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1812 ஆகலாம்; 1872உம் ஆகலாம். தாளின் தன்மை, எழுத்தின் வடிவு, அச்சுக்கூடத்தின் பெயர் ஆகியவற்றை ஆராய்ந்தே பட்டியலாளர் துணிய வேண்டும். பழைய பதிப்புகள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்கள் ஒரே வடிவில் நிற்கும். துணைக்காலும் ரகரமும் மயங்கும். நூற்பெயரை உள்ளவாறே பெயர்த்தெழுதி, இக்கால வடிவத்தைத் தனியே குறிப்பதே முறை. ‘பிழை திருத்துகிறேன்’ என்று மூலத்தை மாற்றுவோர் பின்னவர்க்குப் பெருந்தீங்கு செய்கின்றனர்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. அக்காலத்தார் சிறு நூல்கள் ஐந்தாறைச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி வைப்பர். முதல் நூலின் பெயரை மட்டும் எழுதிக் கட்டை மூடிவிட்டால், மற்றவை அலமாரியில் இருந்தும் இல்லாதவையே. பதிப்பிலும் இந்நிலை உண்டு. 1812இல் சென்னையில் திருக்குறள் மூலபாடம் அச்சேறியபோது நாலடியார் மூலமும் உடன் வந்தது. சமண முனிவர் பாடியதாக வழங்கும் அந்நூலின் முதல் அச்சைத் தேடுபவர், பட்டியலில் குறள் என்று மட்டுமே கண்டால் என் செய்வார்?

ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியலும், பார்னெட்டும் போப்பும் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூல்களுக்கு 1909இல் அளித்த பட்டியலும் பெருந்துணை. ஆயினும் கையிலுள்ள படியைக் கடைசித் தாள் வரை புரட்டாமல் அவற்றைப் பார்த்து எழுதுதல் தகாது. சிறப்புப்பாயிரம், பிழைதிருத்தம், பின்னட்டை விளம்பரம், உடையவர் கையெழுத்து யாவும் சான்றுகளே.

இல்லங்களில் பாட்டனார் காலத்து நூல் இருப்பின், அதனை பைண்டிங்குக்குக் கொடுக்குமுன் நூலகத்தார்க்கு ஒருமுறை காட்டுக. விளிம்பை வெட்டிச் சீராக்கும்போது ஓரத்துக் குறிப்புகளும் கத்தியோடு போய்விடுகின்றன.