எழுதப்பட்ட பெயர்



இன்றைய உரையை ஒரு தகரப் பெட்டியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். கண்டியிலிருந்து கலஹாவுக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பறா ஒன்றின் மூலையில் அந்தப் பெட்டி இருந்தது. அதற்குரியவர் என்னுடைய அப்பாயி. பெட்டிக்குள் ஒரு கலியாணச் சேலை, ஒரு வேதப் புத்தகம், பழைய துணியில் சுற்றிய ஒரு கடதாசிக் கட்டு. மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் அப்பாயி முதலில் நகர்த்துவது அரிசி மூட்டையை அல்ல, அந்தப் பெட்டியைத்தான். "கடதாசி நனைஞ்சா நாம யாருன்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்கீழ் சுமார் எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை கிடைத்ததோ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களுக்கே. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. எங்கள் குடும்பமும் அந்தக் கணக்குக்குள் அகப்பட்டது. பெரியப்பா குடும்பம் கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலில் கடல் கடந்தது. அப்பாயியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

1975இல் அப்பாயி படுக்கையில் விழுந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. தோட்டத்துச் சபையின் உபதேசியார் ஜெபம் பண்ண வந்தார். ஜெபம் முடிந்ததும் அப்பாயி அவரிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஐயா, இங்க வாசல்ல நிக்க வச்சு, ஒன் கடதாசி சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அங்கயும் வாசல்ல நிக்க வச்சுக் கேப்பாங்களா? என்னையச் சேத்துக்குவாங்களா?"

உபதேசியார் சொன்ன பதிலைப் பின்னர் சொல்கிறேன். அப்பாயி கேட்டது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமல்ல. கிறிஸ்தவ சமயத்தில் 'இரட்சிப்பின் நிச்சயம்' என்று வழங்கும் தொடருக்கு அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். நான் மீட்கப்பட்டேனா? அதை எப்படி அறிவேன்? இன்று இருக்கும் நம்பிக்கை நாளையும் இருக்குமா?

இந்தக் கேள்வியைக் கதையாக்கிக் காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் ஜோன் பனியன். 1678இல் வெளிவந்த அவருடைய 'மோட்சப் பிரயாணம்' தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக வாசிக்கப்பட்ட நூல் எனலாம். அதைத் தழுவித் தமிழில் காப்பியமாகப் பாடினார் திருநெல்வேலிச் சீமையிலே பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலாக வந்தது. அந்தத் திருநெல்வேலிக்கும் நமது கண்டிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1854இல் தோட்டத் தொழிலாளர் நடுவே ஊழியம் செய்யத் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' தனது உபதேசிமாரை அந்தச் சீமையிலிருந்துதான் வரவழைத்தது. எங்கள் மலைகளில் கேட்ட ஜெபத் தமிழ் அந்த மண்ணின் தமிழ்.

பனியனின் கதையில் யாத்திரிகன் சிலுவையின் அடியில் பாவச் சுமையை இறக்கியதும் முத்திரையிட்ட ஒரு சுருள் அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. வழியிலே வாசித்துத் தேறுதல் அடையவும், முடிவில் வானகர வாசலில் ஒப்படைக்கவும் உரிய சுருள் அது. ஒரு செங்குத்தான மலையில் ஏறும்போது பாதி வழியில் நிழற்கொட்டகை ஒன்றைக் கண்டு அமர்கிறான், உறங்கிவிடுகிறான், சுருள் கை நழுவி விழுகிறது. மேலே போனபின் மார்பைத் தடவிப் பார்க்கிறான், காணவில்லை. அழுதுகொண்டு வந்த வழியே திரும்பி இறங்கித் தேடி எடுக்கிறான். நேயர்களே, கடதாசியைத் தொலைத்துவிட்டு மலையிறங்கி ஓடுகிறவனின் பதைப்பை மலையகத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருளைத் தொலைத்தபோது அவன் இழந்தது ஆறுதலை. அவனுடைய சுமை மீண்டும் முதுகில் ஏறிவிடவில்லை. சிலுவையடியில் நடந்தது நடந்ததாகவே இருந்தது. நிச்சயம் என்ற உணர்வு வரும், போகும். அதற்கு ஆதாரமானது போவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் தவித்தவர் பலர்.

மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையான ஜோன் வெஸ்லி 1738 மே 24ஆம் திகதி மாலை, இலண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் இருந்தபோது, தம் உள்ளம் அனல்கொண்டதையும் தம் பாவங்கள் நீங்கின என்ற உறுதி பிறந்ததையும் எழுதி வைத்தார். ஆயினும் அதன் பின்னரும் தமக்குள் ஐயங்கள் எழுந்ததை அவர் மறைக்கவில்லை. மறுபுறத்தில் கத்தோலிக்கத் திருச்சபை, 1547இல் திரெந்துச் சங்கத்தில், தாம் இறையருளைப் பெற்றுவிட்டதாகத் தவறுக்கு இடமில்லாத விசுவாச உறுதியோடு எவரும் அறிய முடியாது என்று போதித்தது. நிச்சயத்தின் பெயரால் அகந்தை வந்துவிடக் கூடாது என்பது அதன் கவலை. இந்த இரு மரபுகளின் ஆலயங்களும் கண்டி நகரில் உண்டு. ஞாயிறு காலையில் அவற்றின் மணிகள் ஒரே மலைகளில்தான் எதிரொலிக்கின்றன.

கிருஷ்ண பிள்ளை பிறந்து வளர்ந்த வைணவ மரபிலும் இதே விவாதம் ஓர் அழகான உவமையாக உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் விழுந்துவிடும். பூனைக் குட்டியைத் தாயே வாயால் கவ்விச் செல்லும்; குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று வடகலையாரும் தென்கலையாரும் இதை வைத்து வாதிட்டனர். பிடி யாருடையது என்பதே கேள்வி. அப்பாயியின் கேள்வியும் அதுதானே?

இனிக் கண்டிக்கே உரிய ஒரு சாட்சியைச் சொல்கிறேன். கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் இலங்கைக்கு வந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற சந்தேகத்தில் இங்கே சிறை வைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது, உறவினரே கைவிட்டு ஓடிய நோயாளிகளை அவரும் அவருடைய மருமகனான ஜோசப் கார்வாலோ அடிகளாரும் தேடிச் சென்று பராமரித்தனர். புண்களைக் கழுவினர், இறந்தவர்களை அடக்கம் செய்தனர். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி அடிகளார் கண்டியிலேயே காலமானார். வாழ்நாள் முழுவதும் அசட்டை செய்ததை மரண வேளையில் எளிதாகச் செய்துவிட முடியாது என்ற கருத்தில் அவர் தம் தோழர்களுக்கு இறுதி அறிவுரை கூறியதாக அவருடைய வரலாறு சொல்கிறது. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

'எனக்கு நிச்சயம் உண்டு' என்று முழங்கும் மரபைச் சேர்ந்தவர் அல்லர் அவர். ஆனால் தன் உயிரைப் பற்றிய கவலை ஓயாதவனால் பிறருடைய புண்ணைக் கழுவ முடியுமா? சகோதரரிடத்தில் அன்பு கூருவதனாலேயே மரணத்தைவிட்டு ஜீவனுக்குள் வந்ததை அறிகிறோம் என்ற பொருளில் யோவான் எழுதிய நிருபம் சொல்வதும் இதைத்தான். நாவு சொல்லாத நிச்சயத்தைக் கைகள் சொல்லிவிடுகின்றன.

இப்போது உபதேசியாரின் பதிலுக்கு வருவோம். அவர் முதலில் சொன்னது எல்லாரும் சொல்லக்கூடிய பதில்தான்.

"ஆத்தா, ஒங்க பேரு அங்க எழுதியாச்சு. கவலப்படாதீங்க."

அப்பாயி விடவில்லை. "எழுதின பேர வெட்டுவாங்களே ஐயா! செக்ரோல்ல வெட்டலயா? வோட்டு இடாப்புல வெட்டலயா?"

உபதேசியார் மௌனமானார். கூரைத் தகரத்தில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அப்பாயியின் கையை எடுத்து, கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்துப் போன அந்த உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மையால எழுதினத வெட்டலாம் ஆத்தா. இவரு ஆணியால எழுதினவரு. உள்ளங்கையில எழுதி வச்சிருக்காரு. அத வெட்டணும்னா அவரு கையயில்ல வெட்டணும்?"

அவர் தாமாக இட்டுக்கட்டிய உவமை அல்ல அது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டு, கடவுளும் தம்மை மறந்துவிட்டார் என்று புலம்பிய மக்களுக்கு ஏசாயாவின் நூல் சொல்லும் ஆறுதல். உன்னை என் உள்ளங்கைகளில் பொறித்து வைத்திருக்கிறேன் என்பது அதன் கருத்து. நாடற்ற மக்களுக்குச் சொன்ன சொல், ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்து, இன்னொரு நாடற்ற பெண்ணின் காம்பறாவுக்கு வந்து சேர்ந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. பரலோகத்தைக் காட்டி இந்த உலகத்து உரிமையை மறக்கச் செய்தவர் அல்லர் அந்த உபதேசியார். தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பப் படிவங்களை இரவிரவாக விளக்கு வெளிச்சத்தில் நிரப்பிக் கொடுத்தவரும் அவரே. பரலோகக் குடியுரிமையைப் பற்றிப் பிலிப்பியருக்கு எழுதிய பவுலும், முன்பு அதே பிலிப்பி நகரில் தம்மை நியாயமின்றி அடித்துச் சிறையிட்டபோது தம் உரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லத் தயங்கவில்லை. கடதாசி வேண்டியதே. எங்கள் மக்களில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு அது 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் வந்தது. அப்பாயிக்கு அது வரவே இல்லை.

அன்றோடு அப்பாயியின் பயம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். சில இரவுகளில் விழித்துக்கொண்டு அழுதார். அப்போதெல்லாம் பக்கத்துக் காம்பறாப் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பனியனின் யாத்திரிகனும் கடைசி ஆற்றைக் கடக்கையில் பயந்து அமிழத்தான் செய்கிறான். கூட வந்த தோழன் அவனுடைய தலையைத் தாங்கிப் பிடித்து, அடித்தரை காலுக்குத் தட்டுப்படுகிறது என்று தைரியம் சொல்கிறான். நம்மால் நம்ப முடியாத வேளையில் நமக்காக நம்புகிறவர்கள் வேண்டும். சபை என்பது அதற்குத்தான்.

அப்பாயி மறைந்த வாரத்தில் ஓரிரவு பெருமழை. வழக்கம்போலக் கூரை ஒழுகியது. அம்மா அந்தத் தகரப் பெட்டியை நகர்த்த ஓடினார். படுக்கையில் இருந்தபடியே அப்பாயி சொன்னார்:

"அது கெடக்கட்டும்மா. புள்ள நனையுறான், மொதல்ல அவனத் தூக்கு."